சிற்றி நிலத்தில் கதிரை போட்டவர்

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். மலருக்குத் தட்டச்சுச் செய்கிற தம்பி திருத்திக்கொள்ளட்டும்.

ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, மறக்க முடியாத ஒரு மனிதரைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டும் என்று கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேசச் சொன்னால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் ஒருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். அதனால் சரியென்று சொன்னேன். மற்றவர்கள் நல்ல மனிதர்களைப் பற்றி எழுதுவார்கள். மறக்க முடியாதவர் நல்லவராகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். ஆள் இருக்கிறார். பெயரை எழுதினால் அதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார்.

அவர் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காதவர். திமிர் என்று நினைக்கவேண்டாம். திமிர் பிடித்தவர் என்றால் நான் இதை எழுதப் போகமாட்டேன். பயத்தினால் கேட்காதவர்.

நானும் மனைவியும் நாலு வயது மகள் சுபாவும் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு எங்களைக் கூட்டிப்போக வந்தவர் அவர்தான். உறவில்லை. என் மனைவியின் தமையனோடு ஒன்றாகப் படித்தவர், அவ்வளவுதான். அதற்காக வேலைக்கு லீவு போட்டு, எங்கள் மூன்று பேருக்கும் குளிர் உடுப்போடு வந்து நின்றார். வெளியே வருகிற வழியில் நான் தள்ளிய சாமான் வண்டி ஒரு வெள்ளைக்காரரின் குதிக்காலில் இடித்துவிட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்கள் நாலைந்து. அதில் ஒன்றை எடுத்து, "சொறி, சொறி" என்றேன். இடிபட்ட வெள்ளைக்காரரும் திரும்பி என்னிடம் "சொறி" என்றுவிட்டுப் போனார்.

அவர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"தம்பி, உந்தச் சொல்லை இஞ்ச சும்மா சொல்லக் கூடாது."

"இடிச்சது நான்தானே அண்ணை."

"அதாலைதான் சொல்லக் கூடாது எண்டுறன்."

"அந்த மனுசனும் சொன்னவர்தானே?" என்று என் மனைவி கேட்டாள்.

"அவன் சொல்லலாம் தங்கச்சி. அவனட்டை வக்கீல் இருக்கும். எங்களட்டை என்ன இருக்கு?"

நாங்கள் இந்த நாட்டில் படித்த முதல் பாடம் அது.

ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதன் பேஸ்மன்றில், நிலத்துக்குக் கீழே இருந்த தட்டில், எங்களை வைத்தார். தான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையிலேயே எனக்கும் வேலை எடுத்துத் தந்தார். காலையில் அவருடைய காரில்தான் போவேன், பின்னேரம் அவருடைய காரில்தான் வருவேன். புதிதாக வந்தவர்களுக்குக் கார் ஓட்டப் பழக்குவதும் அவர்தான். ஸ்காபரோவில் இன்றைக்குக் கார் ஓட்டுகிற எத்தனையோ பேர் அவருடைய கையால் பழகியவர்கள். பிரேக்கையும் சிக்னலையும் சொல்லித்தர முன்னமே அவர் சொல்லித்தருகிற ஒன்று உண்டு.

"எங்கையாவது இடிபட்டால் லைசென்சைக் குடு. இன்சூரன்ஸைக் குடு. வாயைத் திறக்காதை. வானத்தைப் பார்."

"ஏன் அண்ணை வானத்தை?"

"அடிபட்டவன்ரை முகத்தைப் பாத்தால் வாய் தன்ரை பாட்டிலை திறக்கும் தம்பி. எனக்குத் திறந்தது."

அவருக்குத் திறந்த கதையைப் பல தரம் சொல்லியிருக்கிறார். கனடாவுக்கு வந்த முதல் மாரியில் ஒரு கடைக்குச் சாமான் ஏற்றும் வான் ஓட்டினாராம். சந்தியில் நின்ற வானின் மூக்கில் ஒரு கிழவி பனியில் சறுக்கிக்கொண்டு வந்து தன் காரை மோதினாளாம். பிழை முழுவதும் அவளுடையது. கிழவியின் நெற்றியில் இரத்தம். இவர் இறங்கி ஓடிப்போய், பாவம் என்று நினைத்து, "சொறி அம்மா, சொறி" என்றாராம். பாவம் என்பதற்கு அப்போது அவருக்கு வேறு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒருவர் அதைப் பொலிசுக்குச் சொன்னார். இவர் பிழையை ஒத்துக்கொண்டதாக எழுதிவிட்டார்கள். வான் போய், வேலையும் போயிற்று.

"ஒரு சொல்லு தம்பி. ஒரே ஒரு சொல்லு" என்று சொல்லும்போது அவருடைய கீழுதடு நடுங்கும். எத்தனை தரம் சொன்னாலும் அந்த இடத்தில் நடுங்கும்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் தன் வாயிலிருந்து எடுத்துவிட்டார். வீட்டில் தன் மனைவியிடமும் அதைச் சொல்வதில்லை. அவரை நாங்கள் அக்கா என்போம். ஒருநாள் அவருடைய கை பட்டு அக்காவின் காலில் சுடுதேத்தண்ணீர் ஊற்றுப்பட்டது. அவர் குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ் எடுத்து வந்து, நிலத்தில் குந்தியிருந்து, அரை மணித்தியாலம் ஒற்றிவிட்டார். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அக்கா என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்: "நான் என்ன, வழக்கே போடப்போறன் உந்த மனுசன்ரை மேலை?"

மாரிகாலத்தில் விடிய எழும்பி, பனி உறைந்து சறுக்காமல் வாசற்படிக்கு உப்புப் போடுவார். கோழிக்குத் தீன் எறிவது போல வாளியிலிருந்து அள்ளி அள்ளி எறிவார். தபால்காரர் படியேறி வந்து கடிதத்தைப் போட்டுவிட்டு இறங்கித் தெருவில் கால் வைக்கும் வரைக்கும் ஜன்னல் சீலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். "உவன் சறுக்கி விழுந்தானெண்டால் இந்த வீடு அவன்ரை" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருப்பதையும் கண்டிருக்கிறேன்.

ஊரில் என் அம்மா செத்த செய்தி தொழிற்சாலையில் இருக்கும்போது வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் வந்து என் தோளில் கை வைத்து, "ஐ ஆம் சொறி" என்றார். அவர் போன பிறகு அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "பார் தம்பி, கிழவி யாழ்ப்பாணத்திலை செத்ததுக்கு இவன் ஸ்காபரோவிலை நிண்டு பிழையை ஒத்துக்கொள்ளுறான்." அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு அவரும் வேலையை விட்டுவிட்டு என்னைக் காரில் ஏற்றி வந்து, பேஸ்மன்றில் என் பக்கத்தில் பேசாமல் இருந்தார். இருட்டிய பிறகும் மேலே போகவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஹலோவீன் என்றால் அவருக்கு ஒரு கிழமைக்கு முன்னமே நித்திரை போய்விடும். மற்ற நாளில் ஒரு தபால்காரர். அன்றைக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் முகமூடி போட்டுக்கொண்டு, தடக்குப்படுகிற நீளத்தில் உடுப்புப் போட்டுக்கொண்டு, இனிப்புக் கேட்டு இருட்டில் அவருடைய படியில் ஏறப்போகிறார்கள்.

"லைற் போட்டால் வருவினம். போடாட்டில் வந்து விழுவினம். நான் என்ன செய்ய?" என்று எங்களைக் கேட்பார்.

கடைசியில் வழி ஒன்று கண்டுபிடித்தார். வீட்டிலிருந்து கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், தன் கார் வந்து போகிற டிரைவ்வே முடிந்து நடைபாதை தொடங்குகிற இடத்தில் போட்டார். மடியில் சிப்ஸ் பைகள் நிறைந்த வாளி. தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் சால்வை, வேலைக்குப் போடும் பெரிய ஜக்கற். பிள்ளைகள் தன் காணிக்குள் கால் வைக்க முன்னம் வாசலுக்கு வெளியிலேயே கொடுத்து அனுப்பிவிடுவார்.

"இது சிற்றியின்ரை நிலம் தம்பி, நகரசபையின்ரை. இஞ்ச விழுந்தால் சிற்றி பாத்துக்கொள்ளட்டும்."

பிள்ளைகளுக்கு இது விளங்கவில்லை. படி ஏறத் தேவையில்லை, மணி அடிக்கத் தேவையில்லை, குளிரில் வந்து தங்களுக்காகக் காத்திருக்கிற ஒரு மாமா என்று நினைத்தார்கள். கூட்டமாக வருவார்கள். "நீங்கள் என்ன வேசம் போட்டிருக்கிறீங்கள்?" என்று ஒரு சின்னப் பெடியன் கேட்டானாம். "வீட்டுக்காரன்" என்று இவர் சொன்னாராம். அந்தத் தெருவில் இவரைப் போல ஹலோவீனை விரும்புகிற ஆள் இல்லை என்று எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெண் அக்காவிடம் சொன்னாளாம். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

சுபா இரண்டாம் வகுப்புப் படித்த வருடம் அது. பள்ளிக்கூடத்திலிருந்து இங்கிலீஷில் வருகிற அறிவித்தல்களை எனக்கும் மனைவிக்கும் வாசிக்கத் தெரியாது. அவர்தான் வாசித்துச் சொல்வார். அந்த வருடம் ஹலோவீனுக்கு வந்ததையும் வாசித்தார். கறுப்பு உடுப்புப் போடவேண்டாமாம். முகமூடி கண்ணை மறைக்கக் கூடாதாம். உடுப்பில் வெளிச்சம் பட்டால் மினுங்குகிற ரேப் நாடா ஒட்டவேண்டுமாம்.

சுபாவுக்குக் காகமாகப் போகவேண்டும் என்று ஆசை. வேறொன்றுக்கும் சம்மதிக்கவில்லை. மனைவி தன்னுடைய பழைய கறுப்புச் சேலையை வெட்டிச் சிறகு போல இரண்டு செட்டை தைத்துக் கொடுத்தாள். முகமூடி வேண்டாம் என்று மூக்கு மட்டும் மட்டையில் செய்து நூலால் கட்டினோம்.

அண்ணை கீழே வந்து பார்த்தார். "காகம் எண்டால் கறுப்புத்தானே, வேறை என்ன செய்யிறது" என்றார். மேலே போய், தொழிற்சாலையில் வண்டி ஓடுகிற பாதைக்கு ஒட்டுகிற மினுங்கல் ரேப் ஒரு சுருள் எடுத்து வந்தார். சுபாவைக் கதிரையில் ஏற்றி நிறுத்தி, ஒவ்வொரு செட்டையிலும் கை அகலத்துக்கு ஒட்டினார். முதுகில் பெரிதாகக் குறுக்கே ஒட்டினார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ரோச் லைற் அடித்துப் பார்த்தார்.

"பிள்ளை ஆகாய விமானம் மாதிரி மினுங்குது. குருடனுக்கும் தெரியும்" என்றார். சுபா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவரைச் சுற்றி ஓடினாள்.

அன்றைக்கு மழைத் தூறல். ஆனாலும் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். அவருடைய வாளி வேளைக்கே முடிந்துவிட்டது. அக்காவைக் கதிரையில் இருத்திவிட்டு, இன்னும் சிப்ஸ் வாங்கி வரலாம் என்று அவர் காரில் ஏறினார். நான் சுபாவைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போகப் பக்கக் கதவால் வெளியே வந்தேன். சுபா தன் செட்டையைக் கதிரையில் இருந்த அக்காவுக்குக் காட்டவேண்டும் என்று என் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடினாள். கார் பின்னால் வந்தது.

சத்தம் பெரிதாக இல்லை.

கார் நின்றது. அவர் இறங்கி வந்தார். காரின் பின் விளக்கு வெளிச்சத்தில் சுபாவின் முதுகு சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவருடைய உதடு பிரிவதைக் கண்டேன். பிறகு அது மூடிக்கொண்டது. தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியில் மழை விழுந்துகொண்டிருந்தது. அப்படியே நின்றார்.

அக்கா ஓடிவந்து பிள்ளையை மடியில் தூக்கி, "ஐயோ என்ரை குஞ்சு, எங்களை மன்னிச்சுக்கொள்ளு, எங்களை மன்னிச்சுக்கொள்ளு" என்று கத்தினார்.

"நீர் வாயை மூடும்" என்றார் அவர், வானத்தைப் பார்த்தபடியே.

பிள்ளையின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரிக்கு அவர் வரவில்லை. பொலிஸ் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாராம்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு கதைக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் எங்களோடு ஒன்றும் கதைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மேலே அவருடைய நடை கேட்கும். வேலையால் வந்து, சப்பாத்துக் கழற்றி, பேஸ்மன்றுக்கு இறங்குகிற கதவடிக்கு வந்து நிற்கிற சத்தம் கேட்கும். நாங்கள் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். பிறகு திரும்பிப் போய்விடுவார். காலையில் நான் பஸ்ஸில் போகத் தொடங்கினேன். அவருடைய கார் பஸ் தரிப்பிடத்தைத் தாண்டிப் போகும்.

எலும்பு முறிந்த பிள்ளைக்கு ஆட்டெலும்பு சூப் கொடுக்கவேண்டும் என்று அக்கா காய்ச்சினார். சூடு வருகிற குழாய் வழியாக மிளகு வாசம் எங்களுக்கு வந்தது. அவருடைய குரலும் வந்தது.

"சூப் குடுத்தால், ஏன் குடுத்தனி எண்டு கேப்பாங்கள். என்ன சொல்லுவீர்?"

"பசிக்குக் குடுத்தனான் எண்டு சொல்லுவன்."

"பிழை எங்களிலை எண்டபடியாலை குடுத்தது எண்டு எழுதுவாங்கள்."

உடுப்புத் தோய்க்கிற இயந்திரம் எங்கள் பக்கத்தில் இருந்தது. மறுநாள் அக்கா உடுப்புக் கூடையோடு இறங்கி வந்தார். மேலே கிடந்த துவாயை எடுத்தார். கீழே மூடி போட்ட பானை. அதை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, தோய்த்த உடுப்பையே திரும்பவும் தோய்த்துக்கொண்டு போனார். கட்டு வெட்டும் வரைக்கும் அப்படித்தான் சூப் வந்தது.

ஒருநாள் இன்சூரன்ஸ் ஆள் ஒருவர், தமிழ் சொல்வதற்கு ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். அவர் கேட்டதை அந்தப் பெண் சொன்னாள்.

"பிள்ளை முழுக்கக் கறுப்பிலை போனதாம். கறுப்புப் போடவேண்டாம் எண்டு உங்களுக்கு முதலே வாசிச்சுச் சொன்னவையாம். உண்மையோ அங்கிள்?"

"ஓம்" என்றேன். "ரேப் ஒட்டியிருந்தது பிள்ளை."

அவள் அதைச் சொன்னாள். அந்த ஆள் தன் தாளைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"ரேப் எண்டு அவர் ஒண்டும் சொல்லேல்லையாம்."

"அவர்தானே ஒட்டினவர்" என்றாள் என் மனைவி.

எனக்கு மேலே போகப் பல நாள் எடுத்தது. ஒவ்வொரு நாளும் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டேன். அவர் மேசையில் தனியே இருந்தார்.

"அண்ணை, நான் வழக்குக்குப் போகமாட்டன். எனக்கு ஒண்டும் வேண்டாம். பிள்ளை ஒவ்வொரு நாளும் உங்களைக் கேக்குது. தனக்கு உங்களோடை கோவமில்லை எண்டு சொல்லுது. ஒருக்கால் கீழை வாங்கோ. வந்து பிள்ளையட்டை ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. காணும்."

இவ்வளவையும் நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"உதுக்குள்ளை என்ன?"

எனக்கு விளங்கவில்லை. சிகரெட் பெட்டியை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கித் திறந்து பார்த்தார். மூடித் திரும்பத் தந்தார்.

"ஆர் உன்னை அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை அண்ணை."

"நீ ஒரு நாளும் இவ்வளவு கதைக்கிறவன் இல்லை. ஆரோ பழக்கி விட்டிருக்கினம். இப்ப ரேப் றெக்கோடர் தீப்பெட்டி அளவிலை வருது தம்பி. எனக்குத் தெரியும்."

நான் கீழே இறங்கி வந்தேன். அடுத்த மாதம் வோபர்னில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். அக்கா மட்டும் வாசலுக்கு வந்து நின்று கண்ணைத் துடைத்தார்.

விபத்து வழக்குகளுக்காக வக்கீல்மாருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு தமிழர் அந்த நாட்களில் என்னைத் துரத்தித் திரிந்தார். "வளர்ற பிள்ளையின்ரை கால். உதைப் போலை வழக்கு ஒண்டு கிடைக்காது அண்ணை" என்பார். நான் வேண்டாம் என்பேன். "அவசரமில்லை, யோசியுங்கோ. பெரியாக்களுக்குத்தான் வழக்குப் போட ரெண்டு வருசம். பிள்ளையளுக்குப் பதினெட்டு வயசு வந்த பிறகுதான் அந்த ரெண்டு வருசம் எண்ணத் தொடங்கும்" என்றார். எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் கேட்டது மறக்கவில்லை.

பிறகு ஒரு ஹலோவீன் போனது. அதற்கடுத்த ஹலோவீனும் போய் இரண்டு நாளால், பின்னேரம் எங்கள் வீட்டு மணி அடித்தது. திறந்தால் அவர். கையில் லட்டுப் பெட்டி. நன்றாக மெலிந்திருந்தார்.

உள்ளே வந்து சுபா இருந்த இடத்துக்கு நேராகப் போனார். அவள் நிலத்தில் இருந்து பள்ளிக்கூடப் பாடம் செய்துகொண்டிருந்தாள். அவர் தானும் நிலத்தில் இருந்து, அவளுடைய இடது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அங்கிளை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. பின் கண்ணாடி மழையிலை புகார் பிடிச்சுக் கிடந்தது. துடைக்காமல் எடுத்தனான். நீ மினுங்கிக்கொண்டு நிண்டனி, நான்தான் பாக்கேல்லை. பிழை முழுக்க என்ரை. சொறி பிள்ளை. சொறி."

அவருடைய கண்ணீர் அவளுடைய காலுறையில் விழுந்தது. "இட்ஸ் ஓகே அங்கிள்" என்றாள் சுபா. இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு சுலபம். பென்சிலை வைத்துவிட்டு அவருடைய தலையைத் தடவினாள்.

நான் தேத்தண்ணீர் போடுகிறேன் என்று குசினிக்குள் போய் அழுதேன். மனைவியும் அழுதாள். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கியது போல இருந்தது. அவர் இரண்டு கோப்பை குடித்தார். பழையபடி பகிடி விட்டார். அக்காவையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வரவேண்டும் என்று நாங்கள் சொன்னோம்.

போகும்போது கதவடியில் குனிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டே, எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார்.

"ரெண்டு வருசம் முடியட்டும் எண்டு காத்துக்கொண்டிருந்தனான் தம்பி. முந்தநாளோடை முடிஞ்சுது. இனி ஆரும் ஒண்டும் செய்யேலாது. இதை உள்ளுக்கை வைச்சுக்கொண்டு நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்."

நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உண்மையாகத்தான் அழுதார். அது எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் எனக்கு அவ்வளவு கசந்தது. எப்போதும் ஒட்டிக்கொள்கிற என் நாக்கு அன்றைக்கு ஒட்டவில்லை.

"அண்ணை, பிள்ளையளுக்கு அந்த ரெண்டு வருசம் இல்லையாம். பதினெட்டு வயசு வந்த பிறகுதான் எண்ணத் தொடங்குமாம்."

ஒரு கால் சப்பாத்துக்குள்ளும் மற்றக் கால் வெளியிலுமாக அவர் அப்படியே நின்றார்.

"ஆர் சொன்னது?"

"வழக்குக்கு ஆள் பிடிக்கிறவர் சொன்னவர்."

அவர் ஒரு சப்பாத்தோடு திரும்ப உள்ளே போனார். சுபாவுக்கு முன்னால் நின்றார். இந்த முறை குந்தவில்லை.

"பிள்ளை, அங்கிள் இப்ப உன்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. என்ன? காலைப் பாத்திட்டுப் போக வந்தனான். அவ்வளவுதான். ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

சுபா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சொன்னீங்கள் அங்கிள்" என்றாள். "இட்ஸ் ஓகே எண்டு நானும் சொன்னனான்."

"இல்லைப் பிள்ளை, நீ பிழையாய் விளங்கிட்டாய்" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "தங்கச்சி, நீங்கள் ரெண்டு பேரும் குசினிக்குள்ளைதானே நிண்டனீங்கள்? உங்களுக்கு ஒண்டும் கேட்டிருக்காது" என்றார். மற்றச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அன்றைக்குப் பிறகு அவரை நான் காணவில்லை. மல்வேர்ன் வீட்டை விற்றுவிட்டுப் பிக்கரிங் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. அக்கா மட்டும் வருடத்துக்கு ஒரு தரம், அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, என் மனைவியோடு போனில் கதைப்பார். மனுசன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சுபாவுக்கு இப்போது எத்தனை வயது என்று அடிக்கடி கேட்பாராம்.

அவளுக்குப் பதின்மூன்று. குளிர் நாளில் இடது கால் சாய்ந்துதான் நடக்கிறாள். பதினெட்டு வர இன்னும் ஐந்து வருடம். அதற்குப் பிறகும் இரண்டு வருடம். அவ்வளவு காலத்துக்கும் அவர் பயந்துகொண்டு இருக்கப்போகிறார்.

நாங்கள் வழக்குப் போடப்போவதில்லை. அதைச் சுபாவும் சொல்லிவிட்டாள். அக்காவின் நம்பர் போனுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. எடுத்து, "பயப்படாதேங்கோ அண்ணை, நாங்கள் போடமாட்டம்" என்று ஒரு சொல் சொன்னால் அந்த மனிதர் நிம்மதியாக நித்திரை கொள்வார்.

நான் இன்னும் சொல்லவில்லை.

வோபர்ன், ஸ்காபரோ
1999 ஒக்ரோபர் 30, சனிக்கிழமை